டூசான் நகரத்து மாலை நேர இடி மின்னல்: செல்லும் முன் ஓர் ஐயம்

பாளையங்கோட்டைக்காரர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் என் மகள் வசிக்கிறாள். வரும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நானும் என் மனைவியும் அவளோடு தங்கப் போகிறோம். பாளையங்கோட்டை வெயிலிலேயே அறுபத்தைந்து ஆண்டுகளைக் கழித்த எனக்குப் பாலைவன வெயில் ஒரு பொருட்டன்று. ஆனால், மாலை நடையை மட்டும் அங்கே விட்டுவிட வேண்டும், அந்த நேரத்தில்தான் மின்னல் விழும் என்று மகள் சொல்வது விளங்கவில்லை. சராசரியாக ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத ஊரில் இடிக்கு என்ன வேலை? நம் ஊரில் செய்வதுபோல, தூறல் விழத் தொடங்கியதும் வீட்டுக்குத் திரும்பினால் போதாதா?

கல்லிடைக்குறிச்சியார், இப்போது டூசானில்:

அண்ணாச்சி, போதாது. தூறலை எதிர்பார்த்து நிற்பதுதான் இங்கே ஆபத்து.

ஜூலைத் தொடக்கத்தில் காற்றின் திசை மாறி, கலிபோர்னியா வளைகுடாவிலிருந்தும் பசிபிக் கடலிலிருந்தும் ஈரப்பதம் தெற்கிலிருந்து இந்தப் பாலைக்குள் நுழைகிறது. இதை இவர்களும் பருவமழை என்றே அழைக்கிறார்கள். 2008 முதல் ஜூன் 15 தொடங்கி செப்டம்பர் 30 வரை என்று வானிலைத் துறை அதற்குக் காலவரையறையும் செய்துள்ளது. ஊரின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இந்தச் சில வாரங்களிலேயே பெய்துவிடும். நகருக்கு வடக்கே நிற்கும் சான்டா காட்டலினா மலையின் உச்சி 2,790 மீட்டர் உயரம். நம் பொதிகை 1,868 மீட்டர்தான். முற்பகல் வெயிலில் அம்மலை சூடேற, ஈரக்காற்று மேலெழும்பி, நண்பகலுக்குள் கோபுரம் போன்ற மேகங்களாகிவிடும். மாலையில் அவை நகரின்மேல் நகர்ந்து வரும்.

மேகத்துக்கும் தரைக்கும் இடையே உள்ள காற்று மிக வறண்டது. ஆகவே, பருவத்தின் தொடக்க நாட்களில் மழைத்தாரை பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். மேகத்தின் அடியில் சாம்பல் நிற விழுதுகள் தொங்குவது போலத் தெரியுமே தவிர, தரையில் ஒரு சொட்டும் விழாது. மின்னலோ முழுதாக வந்து சேரும். 2020 ஜூனில் இப்படி விழுந்த மின்னலால் காட்டலினா மலையில் பற்றிய தீ, ஏறத்தாழ 1,20,000 ஏக்கரை எரித்தது. வீட்டு மாடியிலிருந்து இரவெல்லாம் தெரிந்த அந்த நெருப்பு வரிசையை என்னால் மறக்க இயலாது.

திசையன்விளை பனந்தோப்புக்காரர்:

இடி விழுந்த பனை எங்கள் தேரியில் புதிதன்று. பனைக்கு வளரும் குருத்து ஒன்றே ஒன்றுதான்; அது கருகினால், தண்டில் காயம் தெரியாவிட்டாலும் சில வாரங்களில் ஓலை சரிந்து மரம் பட்டுப்போகும். வெட்ட வெளியில் ஒற்றையாக நிற்பதே அதற்குப் பகை. டூசானைச் சுற்றியுள்ள சவாரோ கள்ளிகளும் பத்து மீட்டருக்கு மேல் ஓங்கி, உடலெல்லாம் நீராக நிற்பவை. மின்னல் பாயும்போது உள்ளிருக்கும் நீர் கொதித்து அவை வெடிப்பதுண்டாம். ஐயா நிழலுக்கென்று அவற்றின் அருகே ஒதுங்க வேண்டாம். கைப்பேசியையும் அணைத்துவிடுங்கள், அது மின்னலை இழுக்கும்.

அம்பாசமுத்திரம் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:

கடைசி வரியை மட்டும் திருத்த வேண்டும். கைப்பேசி மின்னலை இழுக்காது. மின்னல் தேடுவது உயரத்தையும் தனித்து நிற்பதையும்தான். திறந்த மைதானத்தில் நிற்கும் மனிதனுக்கு அவ்விரண்டும் பொருந்தும். கம்பிவழித் தொலைபேசி வேறு. இடி நேரத்தில் அதைத் தொடக் கூடாது.

பருவமழை என்ற சொல்தான் பாளை நண்பரைக் குழப்புகிறது என்று நினைக்கிறேன். ஜூலை என்றால் நமக்குக் குற்றாலச் சாரல் நினைவுக்கு வரும். அதில் இடி அரிது. டூசானின் ஜூலை, தன்மையில் நம்முடைய சித்திரை, வைகாசிக் கோடை மழையை ஒத்தது: பகல் முழுதும் புழுக்கம், பிற்பகலில் மலைமேல் கருக்கல், அந்தியில் இடி. அப்போது நம் பாட்டிமார் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டே எங்களை வீட்டுக்குள் இழுத்துவிடுவார்கள். பெயரைச் சொன்னதைவிட உள்ளே இழுத்ததுதான் எங்களைக் காத்தது.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கிடலாம். ஆனால் மழை பெய்யும் இடத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழக்கூடும் என்பதால், இடி காதில் விழுந்தாலே உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பின் முப்பது நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும். பூங்காக்களில் தூண்களும் கூரையும் மட்டுமாக உள்ள மண்டபம் வெயிலுக்கு உதவும், மின்னலுக்கு உதவாது. கண்ணாடி ஏற்றிய கார் பாதுகாப்பானது. அதற்குக் காரணம் அதன் உலோகக் கூடு, ரப்பர்ச் சக்கரம் அன்று.

இன்னொன்று: மின்னல் தரையைத் தொடும் இடத்தைக் கண்டறியும் கருவிகளை 1970-களில் உருவாக்கியவர்களுள் ஒருவரான பிலிப் கிரைடர், அதே டூசானில் உள்ள அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். அந்த ஊரின் வானமே அவருக்கு ஆய்வுக்கூடமாக அமைந்தது.

பாளையங்கோட்டைக்காரர்:

மூவருக்கும் நன்றி. நடையை அதிகாலைக்கு மாற்றிக்கொள்கிறேன். ஐந்து மணிக்கு அங்கே வெளிச்சம் இருக்குமா?

கல்லிடைக்குறிச்சியார்:

ஜூலையில் ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் எழுந்துவிடும், அண்ணாச்சி. முந்தைய மாலை மேகங்கள் பெரும்பாலும் அதற்குள் கலைந்திருக்கும். இரவில் மழை பெய்திருந்தால் கிரியோசோட் புதரின் வாசனையும் வீதியெங்கும் நிறைந்திருக்கும். கிளம்பும் முன் வானத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விடியலில் இடிக்கும் நாட்களும் சில உண்டு.