தமிழ் நாவலின் ஜார்ஜிய மொழிபெயர்ப்பு: திபிலிசி நகராட்சியின் இலக்கியப் பரிசுக்கு அனுப்புமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி: நூலடுக்கு

தமிழ் நாவல் ஒன்று ஜார்ஜிய மொழியில் வந்திருக்கிறது. பதிப்பகம் ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியில். மூல ஆசிரியர் இருக்கிறார், உரிமை ஒப்பந்தமும் உண்டு. ஜார்ஜிய மொழி நூல்களுக்கும் மொழிபெயர்ப்புகளுக்கும் திபிலிசி நகராட்சி ஆதரவில் தரப்படும் பரிசுக்கு இதை அனுப்பலாம் என்று பதிப்பகம் நினைக்கிறது. தமிழ்ப் பக்கத்திலிருந்து என்னென்ன ஆவணம் கேட்பார்கள்? மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழ் ஓரளவுதான் தெரியும். ஆங்கில மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்திருக்கிறார். அது தடையாகுமா? பரிசு கிடைத்தால் பணம் யாருக்கு?

இன்னொன்று. இதே ஆசிரியர் ஜார்ஜியச் சிறுகதைகள் சிலவற்றைத் தமிழில் கொண்டுவரப் போகிறார். அந்த நூலையும் பிறகு அங்கே அனுப்ப முடியுமா?

பதில்: ஓலைச்சுவடி

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஜார்ஜிய மொழி நூல்களுக்கான பரிசில் மொழிபெயர்ப்புப் பிரிவு என்றால் பிற மொழியிலிருந்து ஜார்ஜியத்துக்கு வந்த நூல் என்று பொருள். ஜார்ஜியத்திலிருந்து தமிழுக்கு வரும் நூல் அந்தக் கூடையில் விழாது. அதற்குப் பார்க்க வேண்டியது 'சபா' பரிசு. டிபிசி வங்கி பணம் போட, 2003 முதல் நடக்கிறது. 17, 18-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் சுல்கான்-சபா ஒர்பெலியானியின் பெயர் வைத்தது. அதில் ஜார்ஜியத்துக்கு வந்த மொழிபெயர்ப்புக்கு ஒரு பிரிவு, ஜார்ஜிய இலக்கியத்தைப் பிற மொழிக்குக் கொண்டுபோனதற்கு வேறொரு பிரிவு. அரசு சார்ந்த எழுத்தாளர் இல்லம் 2015-இல் தொடங்கிய 'லித்தேரா' மூன்றாவது. வங்கி, நகராட்சி, அரசு சார்ந்த அமைப்பு என்று மூன்றுக்கும் பணம் வரும் வழி வேறு, விதிகளும் வேறு. ஒன்றின் படிவத்தை இன்னொன்றுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

இப்போது நாவலுக்கு வருவோம். முதலில் 'தெபுலெபா' என்ற விதித்தாளைக் கேட்டு வாங்குங்கள். செய்திக்குறிப்பு போதாது. நகராட்சிப் பணம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் வருவது. 'சக்ரெபுலோ' எனப்படும் நகர மன்றம் அதை ஒப்ப வேண்டும். அதனால் போன ஆண்டின் தேதியும் பிரிவுகளும் இந்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்று நம்பி வேலை செய்யக் கூடாது.

விதித்தாளில் முதலில் தேட வேண்டிய வரி, எந்த ஆண்டு அச்சான நூல்கள் என்பது. இங்கேதான் நூல்கள் சத்தமில்லாமல் கழிந்துபோகின்றன. டிசம்பரில் அச்சேறி, மே மாதக் கடைசியை ஒட்டி நடக்கும் திபிலிசி புத்தகத் திருவிழாவில் வெளியிட்ட நூல் எந்த ஆண்டுக் கணக்கு? வெளியீட்டு விழா எப்போது நடந்தது என்று யாரும் கேட்பதில்லை, பதிப்புரிமைப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் ஆண்டைத்தான் பார்ப்பார்கள். அட்டையில் ஒரு ஆண்டும் உள்ளே ஒரு ஆண்டும் இருந்தால் பதிப்பகத்திடம் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பக்கத்தில் நூலின் பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் 978-9941 என்று தொடங்குகிறதா பாருங்கள். அது ஜார்ஜியாவுக்கு ஒதுக்கிய எண். பழைய ஒதுக்கீடுகளான 99928, 99940 இருந்தாலும் சரிதான். மறுபதிப்பை முதல் பதிப்புபோலக் காட்டினால் இந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடலாம்.

உங்கள் பக்கத்திலிருந்து போக வேண்டியவை அதிகமில்லை. மூல நூலின் தலைப்பு, முதல் பதிப்பு ஆண்டு, பதிப்பகம், உரிமை யாரிடம் என்ற விவரம், ஆசிரியரின் அல்லது உரிமையாளரின் ஒப்புதல் கடிதம். கடிதத்துக்கு ஜார்ஜிய மொழிபெயர்ப்பு சேருங்கள். தமிழில் மட்டும் இருந்தால் அலுவலகத்தில் யாரும் வாசிக்கப்போவதில்லை. பதிப்புரிமைக்கான பன்னாட்டு பெர்ன் ஒப்பந்தத்தில் ஜார்ஜியா 1995-இல் சேர்ந்தது. பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டும். ஆசிரியர் இருக்கும்போது அவர் அனுமதி இல்லாத மொழிபெயர்ப்பைப் பரிசுக்கு நிறுத்தினால் பதிப்பகத்துக்குத்தான் தலைவலி.

அனுப்ப வேண்டிய நூல் படிகளின் எண்ணிக்கை விதித்தாளில் இருக்கும். இல்லையென்றால் நடுவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, கைவசம் இரண்டு என்று ஒதுக்கச் சொல்லுங்கள். ஜார்ஜிய நூல்கள் சில நூறு படிகள் அச்சாவதே வழக்கம் என்பதால், கடைசியில் கிடங்கில் படியே இல்லை என்ற நிலை வரும்.

பதில்: மொழிப்பாலம்

ஆங்கிலம் வழியாக வந்தது தானாகவே தடையாகாது. விதித்தாளில் 'மூல மொழியிலிருந்து' என்று எழுதியிருந்தால் மட்டும் தடை. மறைப்பதுதான் ஆபத்து. தலைப்புப் பக்கத்தில் 'தமிழிலிருந்து' என்று போட்டுவிட்டு உள்ளே ஆங்கிலத் தடம் தெரிந்தால் நடுவர் அடுத்த பக்கத்தை நம்பமாட்டார். 'தமிழிலிருந்து, ஆங்கில மொழிபெயர்ப்பை ஒப்பிட்டு' என்று வெளிப்படையாகப் போட்டுவிடுங்கள்.

நடுவருக்குத் தமிழ் தெரியாதே, எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேட்கலாம். தமிழ் தெரியத் தேவையில்லை. ஜார்ஜிய மொழி கேட்கும் விவரத்தை ஆங்கிலம் தராது, அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

உறவுமுறையைப் பாருங்கள். ஜார்ஜியத்தில் தாயின் சகோதரி 'தெயிதா', தந்தையின் சகோதரி 'மமிதா'. நம் சித்தி, அத்தைபோலவே வேறு வேறு. ஆங்கிலத்தில் இரண்டும் 'ஆன்ட்டி'. மொழிபெயர்ப்பாளர் ஊகித்துப் போடுவார். 3-ஆம் அத்தியாயத்தில் தெயிதாவாக இருந்தவர் 11-ஆம் அத்தியாயத்தில் மமிதா ஆகிவிடுவார். அதைவிட மோசம் 'மாமா'. ஜார்ஜியத்தில் 'மமா' என்றால் அப்பா! ('தெதா' அம்மா.) மண் வாசனைக்காக 'மாமா'வை அப்படியே எழுத்துப்பெயர்த்து விட்டிருந்தால், மாமனைக் கட்டிக்கொள்ளும் பெண் தன் அப்பனைக் கட்டிக்கொள்கிறாள் என்றுதான் அங்கே படிப்பார்கள். அடிக்குறிப்பு போட்டும் இதைக் காப்பாற்ற முடியாது. மொழிபெயர்த்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்தது நீ, நீங்கள். ஜார்ஜியத்தில் 'ஷென்', 'த்க்வென்' என்று நமக்கு இருப்பதுபோலவே உண்டு. ஆங்கிலத்தில் இல்லை. மருமகள் மாமியாரை ஒரு பக்கத்தில் ஷென் என்றும் அடுத்த பக்கத்தில் த்க்வென் என்றும் அழைத்தால் அது கோபத்தில் மாறியதா, மொழிபெயர்ப்பாளர் மறந்ததா என்று வாசகர் குழம்புவார். உரையாடல்களை மட்டும் தமிழோடு ஒப்பிட்டு ஒரு முறை திருத்துங்கள். முழு நூலையும் ஒப்பிட நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது.

அவன், அவள் விஷயத்தில் நிலைமை தலைகீழ். ஜார்ஜியத்தில் பால் வேறுபாடே கிடையாது, எல்லாருக்கும் 'இஸ்'. தமிழில் விகுதியே ஆள் யாரென்று சொல்லிவிடும் இடத்தில் ஜார்ஜியத்தில் பெயரைத் திரும்பப் போட வேண்டும். இரண்டு பேர் பேசும் பத்தியில் நான்கைந்து 'இஸ்' வரிசையாக வந்தால் யார் யாரை அடித்தார் என்றே தெரியாது.

இன்னொரு நுணுக்கம், எனக்கு மிகப் பிடித்தது. நாம் 'வந்தான்' என்பதற்கும் 'வந்தானாம்' என்பதற்கும் வேறுபாடு வைத்திருக்கிறோமே, அது ஜார்ஜிய வினையிலும் உண்டு. 'மோவிதா' என்றால் வந்தான், கண்ணால் கண்டது. 'மோசுலா' என்றால் வந்திருக்கிறான்போல, வந்தானாம். முன்னால் 'துர்மே' சேர்த்தால் இன்னும் அழுத்தம். ஆங்கிலத்தில் 'ஆம்' உதிர்ந்துவிடும், அல்லது 'மக்கள் சொல்கிறார்கள்' என்று ஒரு தனி வாக்கியமாக வீங்கிவிடும். ஊர்ப்பேச்சு நிறைந்த நாவலில் இந்த 'ஆம்' இடங்களைத் தமிழில் குறித்துக் கொடுத்தால் மொழிபெயர்ப்பாளர் கையில் ஏற்கெனவே அதற்கான கருவி இருக்கிறது. நூல் அச்சாகிவிட்டதே என்றால், மறுபதிப்புக்காவது உதவும்.

நூலடுக்கு

மிக்க நன்றி. 'மாமா' பற்றிக் கேட்டதும் உடனே பார்த்தோம். நல்லவேளை, இல்லை. ஆனால் பெயர்களில் குழப்பம் இருக்கிறது. ஒரே பாத்திரம் இரண்டு எழுத்தில் வருகிறது. பதிப்பகம் அனுப்பிய பிடிஎஃப் கோப்பில் நூல் தலைப்பு மட்டும் பெட்டி பெட்டியாகத் தெரிகிறது. உள்ளே நன்றாக இருக்கிறது. ஒரு பழைய அத்தியாயக் கோப்பு முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கிறது.

பதில்: எழுத்தாணி

குப்பையாகத் திறப்பது பழைய 'அகத்நுஸ்க்' வகை எழுத்துரு. நம் பாமினி கதைதான்: உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே ஜார்ஜிய முகமூடி. எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. மாற்றியபின் மேற்கோள் குறி, கோடு, இடையில் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த சொற்கள் ஆகிய மூன்றையும் கண்ணால் பாருங்கள், அவை சிதைந்திருக்கும்.

பெட்டியாகத் தெரிவது வேறு நோய். அன்றாட ஜார்ஜிய எழுத்தான 'ம்கெத்ருலி'யில் 33 எழுத்து, பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற பிரிவு கிடையாது. ஆனால் தலைப்புகளுக்கு உயரம் ஒத்த 'ம்தவ்ருலி' வடிவம் உண்டு. 2018-இல் யூனிகோடு 11 அதற்குத் தனி இடம் கொடுத்தது. மென்பொருளில் 'எல்லாம் பெரிய எழுத்து' என்று அமைத்திருந்தால் தலைப்பு அந்தப் புதிய இடத்துக்குத் தாவிவிடும். பழைய எழுத்துருவில் அங்கே ஒன்றும் இல்லை, அதனால் பெட்டி. அமைப்பை நீக்கிவிட்டு எழுத்துருவைக் கோப்புக்குள் பதித்துத் திரும்ப ஏற்றுமதி செய்யச் சொல்லுங்கள். விண்ணப்பப் படிவத்தில் தலைப்பை ம்கெத்ருலியில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். இல்லாவிட்டால் தேடும்போது அகப்படாது.

பெயர்கள். ஜார்ஜியத்தில் க-வுக்கே மூன்று உண்டு: குரல் சேர்ந்தது, மூச்சு சேர்ந்தது, தொண்டையை அடைத்து வெடிப்பது. ப-வுக்கும் த-வுக்கும் அப்படியே. பிரெஞ்சு, ரஷ்யப் பெயர்களின் க, ப, ட ஒலிகளுக்கு வெடிக்கும் எழுத்தைப் போடுவது வழக்கம். தமிழ்ச் சொல் முதலில் வரும் க, ப-வுக்கும் அதுவே பொருந்தும். சொல்லிடையில் மெலியும் இடத்தில் குரல் எழுத்து. 'முருகன்' என்பதில் க அப்படித்தான். த-வுக்கு மூச்சு எழுத்தும் ட-வுக்கு வெடிக்கும் எழுத்தும் வைத்துக்கொண்டால் இரண்டும் கலக்காது. எது எடுத்தாலும் நூல் முழுக்க ஒன்றாக இருக்கட்டும். ஒரு தாளில் எல்லாப் பெயரும் எழுதி ஒலிப்பதிவோடு அனுப்புங்கள். ஆங்கில எழுத்தில் அனுப்பாதீர்கள்.

ஏன் என்றால் ழ. ஆங்கிலத்தில் அதை எழுதும் இரண்டெழுத்தைப் பார்த்து ரஷ்யப் பழக்கத்தில் 'ஷ'வுக்குக் குரல் சேர்ந்த ஒலியாகப் படிப்பார்கள். யாழினி அடையாளம் தெரியாமல் போவாள். ல அல்லது ர வகையில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது கண்ணி ஹ. ரஷ்யத்தில் அந்த ஒலி இல்லை, ஜார்ஜியத்தில் உண்டு. ரஷ்ய வழியில் போனால் 'ஹரி', தொண்டைக் கரகரப்போடு 'கரி' ஆகும். ஜார்ஜியத்தில் அந்தச் சொல்லுக்குக் காளைமாடு என்று பொருள்.

படிவத்தில் பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நம் முதலெழுத்து எங்கே போவது? பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்திலும், முதலெழுத்தை விரித்துத் தந்தை பெயரைப் பெயர்க் கட்டத்திலும் போட்டுவிட்டு, அட்டையில் வேறு மாதிரி விட்டால் ஒரே ஆசிரியர் இரண்டு ஆளாவார். கூடவே, மெய்யில் முடியும் குடும்பப்பெயருக்கு எழுவாயில் 'இ' ஒட்டும், முன்னால் நிற்கும் பெயர் மொட்டையாக இருக்கும். முருகன் 'முருகனி' ஆவது பிழை அல்ல. அதைத் திருத்தச் சொல்லிச் சண்டை போட வேண்டாம்.

பதில்: ஓலைச்சுவடி

பணக் கேள்வி விட்டுப்போயிற்று. மொழிபெயர்ப்புப் பிரிவின் பரிசு மொழிபெயர்ப்பாளருக்கு உரியது. மூல ஆசிரியருக்குப் பங்கு வேண்டுமென்றால் அது ஒப்பந்தத்தில் முன்பே இருக்க வேண்டும், பரிசு வந்தபின் கேட்பது அழகல்ல. தொகை ஜார்ஜிய நாணயமான 'லாரி'யில். ஜார்ஜியாவில் பொது வருமானவரி 20 விழுக்காடு. அறிவித்த தொகை வரிக்கு முன்னா பின்னா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடுவர் குழுவை யார் அமர்த்துகிறார் என்பதையும் விதித்தாளில் பாருங்கள். 2021-இல் லித்தேரா நடுவர் குழுவில் பண்பாட்டு அமைச்சகம் தன் ஆளைச் சேர்த்தபோது நடுவர்களும் எழுத்தாளர்களும் விலகினார்கள். பொதுப்பணம் வரும் எந்தப் பரிசிலும் மொழிபெயர்ப்பாளருக்கு இது பற்றி ஒரு நிலைப்பாடு இருக்கலாம். அவரைக் கேட்காமல் பதிப்பகம் நூலை அனுப்பிவிட்டால் பட்டியல் வெளியான பிறகு விலக வேண்டிவரும். முதலில் அவரிடம் பேசச் சொல்லுங்கள்.

நூலடுக்கு

பேசிவிட்டோம், அவருக்குச் சம்மதம். தலைப்புப் பக்க வரியை நீங்கள் சொன்னபடி ஒட்டுத்தாளாக அச்சிட்டு மீதமுள்ள படிகளில் ஒட்டலாமா?

பதில்: மொழிப்பாலம்

ஒட்டலாம். பதிப்பகத்தின் முத்திரையோ கையெழுத்தோ உள்ள திருத்தச் சீட்டாக ஒட்டுங்கள், அலுவலகத்துக்குத் தரும் படியிலும் அதே சீட்டு இருக்கட்டும். பிடிஎஃப் கோப்பிலும் மாற்ற மறக்காதீர்கள்.