மறுமொழி: கண்டக்டர் இல்லாத ஆர்க்கெஸ்ட்ரா – 'தம்வழிப் பல்லியம்' பொருந்துமா?

அண்ணாச்சி, வணக்கம்.

முன்னால் நின்று கோலசைத்து வழிகாட்டும் கண்டக்டர் இல்லாமல் வாசிக்கும் சிம்பொனிக் குழுவுக்கு 'நடத்துநர் இல்லா இசைக்குழு' என்று எழுதியிருந்தீர்கள். பொருள் சரிதான். ஆனால் நம் பக்கம் நடத்துநர் என்றதும் விசிலும் டிக்கெட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. நாகர்கோவில் போகும் இடைநில்லாப் பேருந்தில் நடத்துநர் ஸ்டாண்டிலேயே டிக்கெட் கொடுத்துவிட்டு இறங்கிக்கொள்வார். 'நடத்துநர் இல்லாப் பேருந்து' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் சொல். முன்னால் 'இசை' சேர்த்தாலும் அந்த நினைப்பு விடாது.

எனக்கு அதைவிடப் பெரிய மனக்குறை, அது இல்லாததை மட்டும் சொல்கிறது என்பதுதான். அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லவில்லை. தங்கச்சி ஒருத்தி சொன்ன 'தலைமையற்ற குழு' இன்னும் தவறு. தலைமை இருக்கிறது, கை மாறிக்கொண்டே இருக்கிறது. நியூயார்க்கில் 1972இல் தொடங்கிய ஆர்ஃபியஸ் குழுவில் ஒவ்வொரு படைப்புக்கும் முதல் வயலின் நாற்காலியில் வேறொருவர் உட்காருவார். ஒத்திகையின்போது குழுவிலிருந்தே ஒருவர் எழுந்துபோய் அரங்கில் உட்கார்ந்து, எது தூக்கலாக இருக்கிறது, எது அமுங்குகிறது என்று கேட்டுச் சொல்வார். அதற்கு ஐம்பது ஆண்டு முன்பே, 1922இல் மாஸ்கோவில் லெவ் செய்ட்லின் என்ற வயலின் கலைஞர் தொடங்கிய பெர்சிம்ஃபான்ஸ் முழு சிம்பொனிகளையே இப்படி வாசித்தது. ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டுமென்று வட்டமாக உட்கார்ந்தார்கள். சிலருடைய முதுகு அவையைப் பார்த்தபடி இருந்தது. 1932 வரை அந்தக் குழு நடந்தது.

கோல் பிடித்துத் தனியே நிற்கும் கண்டக்டர் நிலைபெற்றது 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்னால் முதல் வயலின்காரரோ ஹார்ப்சிகார்டு என்ற பழைய விசைப்பலகைக் கருவியை வாசிப்பவரோ தாமும் வாசித்தபடியே குழுவைக் கொண்டுபோனார்கள்.

நமக்கும் இது புதிதில்லை. சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் நையாண்டி மேளத்துக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். போன கொடையில் நான் நாயனக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். தாளத்தை முடித்துவைக்கும் தீர்மானம் வரப்போகிறது என்றால் அவர் கன்னம் ஒரு கணம் ஒட்டும், மூச்சை இழுப்பார், நாயனத்தின் விரிந்த வாயான அணசு இரண்டு விரற்கடை மேலே ஏறும். தவில்காரருக்கு அவ்வளவு போதும். பம்பைக்காரர் நாயனத்தைப் பார்க்கவே இல்லை, அவர் கண் தவில்காரரின் கையில் இருந்தது. அப்புறம் சாமி இறங்கியதும் எல்லாமே மாறிவிட்டது. சாமியாடியின் கால் வேகம் எடுத்தது, தவில் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டது, நாயனம் தவிலின் பின்னால் போனது. வெளிநாட்டுக் குழுவிலும் முதல் வயலின்காரர் மூச்சை இழுத்து, வயலினின் தலைப்பக்கத்தைச் சற்றே உயர்த்தித்தான் எடுப்புக் கொடுக்கிறார்.

இதற்கான வினை நம்மிடம் இருக்கிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் 'குழல்வழி நின்றது யாழே' என்று தொடங்கி, யாழின் வழி தண்ணுமை, தண்ணுமையின் பின்வழி முழவு என்று அடுக்கிக்கொண்டே போகும். ஒன்றன் வழி ஒன்று நிற்பது. ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் 'பல்லியம்' என்ற பழஞ்சொல் இருக்கவே இருக்கிறது. அதில் உங்களுக்கும் மறுப்பில்லை என்று நினைக்கிறேன். ஆகவே நான் சொல்லும் இணை: கண்டக்டரின் கோலைப் பார்த்து வாசிப்பது கோல்வழிப் பல்லியம், தங்களுக்குள் கேட்டும் பார்த்தும் வாசிப்பது தம்வழிப் பல்லியம்.

'தம்வழி' என்றால் ஆளுக்கொரு வழி என்று ஆகாதா என்று கேட்பீர்கள். அதற்குத் 'தத்தம் வழி' என்று தனியே சொல் இருக்கிறது. 'தன்வழி' என்றால் ஒருவர் போக்கு. 'தம்' பன்மை, கூட்டத்தை ஒன்றாகவே சுட்டும். 'தன்னியக்கம்' என்று ஒருவர் எழுதியதை ஏற்க முடியாததும் இதனால்தான், அதைக் கேட்டால் தானே ஓடும் மோட்டார்தான் மனசில் வருகிறது.

கண்டக்டருக்குத் தனிச்சொல் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. 'கைகாட்டி' என்று எழுதிப் பார்த்தேன். ரயில்வே கைகாட்டி வந்து நிற்கிறது. கோல்வழி சரியென்று பட்டால் 'கோலர்' எடுபடுமா, பாருங்கள். கொயரில் பாடுகிற பாளையங்கோட்டை நண்பர்களும் வாயில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
நெல்லை டவுனிலிருந்து