சுயமதிப்பீட்டுப் பாரத்துல உங்க பேர் இருந்த அனுபவம் உண்டா?

செம்பனைச்செல்வி:
எங்க லேப் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்குள்ளேயே இருக்கு. வருஷாவருஷம் பாதுகாப்புச் சுயமதிப்பீடு. எப்படி நடக்கும்னு உங்களுக்கே தெரியும், போன வருஷப் பாரத்துல தேதியை மாத்தி டிக் போட்டு அனுப்புறதுதான்.

அன்னைக்குப் பயிற்சிக்கு வந்த பிள்ளை ஒண்ணு, செம்பனையோட 17ஆவது மட்டையிலிருந்து எடுத்த இலைத்தூளை நைட்ரஜன் பார்க்க சல்பூரிக் ஆசிட்டுல போட்டுக்கிட்டிருந்தா. தெறிச்சிருச்சு. கண்ணாடி போட்டிருந்தா, ஆனா அதுக்குக் கீழே கன்னத்துல பட்டுருச்சு. இழுத்துட்டு ஓடி கண் கழுவுற குழாயைத் திறந்தேன். முதல்ல காத்து மட்டும் இருமுற மாதிரி வந்துச்சு. அப்புறம் தேத்தண்ணி நிறத்துல துரு. அவ முகத்தைக் குனிஞ்சு நீட்டிட்டா. நான் முடியைப் பிடிச்சுப் பின்னால இழுத்தேன். சிங்க் குழாயில 15 நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். கண்ணுக்கு ஒண்ணும் ஆகல.

மறுநாள் பைலைப் பார்த்தேன். 'கண் கழுவும் குழாய்: இயங்குகிறது.' டிக் நான் போட்டது, திறந்து பார்க்காமலே. பக்கத்துல 'பொறுப்பாளர்' கட்டத்துல டைப் அடிச்சு என் பேர். அது என் பொறுப்புன்னு அதுவரைக்கும் யாரும் என்கிட்ட சொன்னதில்ல. ராத்திரி படுத்தா அந்தத் தண்ணிதான் கண்ணு முன்னால வருது.

பால்மரத்துப்பிள்ளை:
அக்கா, எனக்கும் இதே கதைதான். ரப்பர் பால் லேப், அம்மோனியா. மாசாமாசம் பியூம் ஹூட்டை, அதான் ரசாயனப் புகையை உறிஞ்சி வெளியேத்துற பெட்டியை, சோதிக்கணும். டிஷ்யூவை நூலாக் கிழிச்சு ஹூட் வாசல்ல ஒட்டினா, காத்து அதை உள்ளே இழுக்கணும். அன்னைக்கு அது ஆடாம அசையாம தொங்குச்சு. 'இழுக்கல'ன்னு எழுதினேன். ஆபீசர் வந்து, "நாளைக்கு ஆடிட், இப்ப ஓகேன்னு போடு தம்பி, அடுத்த வாரம் ஆள் வரும்"னாரு. அடிச்சிட்டு ஓகே போட்டேன். ஆள் வந்தது மூணு மாசம் கழிச்சு. அதுவரைக்கும் அந்த ஹூட்டுல அம்மோனியா போத்தலைத் திறந்தது நானும் என் கூட்டாளியும். வீட்டுக்குப் போனா, கண்ணு ஏன்டா இப்படிச் சிவந்திருக்குன்னு அம்மா கேட்பாங்க.

பழைய கமிட்டிக்காரன்:
தம்பி, ஆபீசர் சொன்னாரு போட்டேன்னு நீ சொல்றதை என்னால ஒத்துக்க முடியல. எழுதினதை அடிச்சிருக்கக் கூடாது. 'ஓகே'ன்னு அவரே எழுதிக் கையெழுத்துப் போடட்டும்னு விட்டிருக்கணும். இந்த மாதிரி ஹூட்டை மாசம் ஒரு தடவை நாம பார்க்கிறது போக, 12 மாசத்துக்குள்ள பதிவு பெற்ற டெக்னீஷியன் வந்து சோதிக்கணும்னு 2000ஆம் வருஷ ரசாயன விதியிலேயே இருக்கு.

செல்வி விஷயம் வேற. தங்கச்சி, குழாயை வாராவாரம் திறந்து பார்க்கிறது உன் வேலையா இருக்கலாம். துருப்பிடிச்ச பைப்பை மாத்தக் காசு ஒதுக்குறது உன் வேலை இல்ல. பார்க்கிறவர், காசு கொடுக்கிறவர், செஞ்சாச்சான்னு போய்ப் பார்க்கிறவர்னு மூணு பேர் மூணு கட்டத்துல வரணும். ஒரே கட்டம் வச்சா, கடைசியா லேப் உதவியாளர் தலையிலதான் விழும். 1994 தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துல 15ஆம் பிரிவு முதலாளியோட கடமை, 24ஆம் பிரிவு தொழிலாளியோடது. ரெண்டையும் படிச்சுப் பாரு. 2024 ஜூன் 1லிருந்து முதலாளிக்கு உச்ச அபராதம் 50,000 வெள்ளியா இருந்தது 500,000 ஆகியிருக்கு. பாதுகாப்பு அதிகாரி இல்லாத இடத்துல 5 பேர் வேலை செஞ்சாலே பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருத்தரை நியமிக்கணும். 40 பேர்னா பாதுகாப்புக் கமிட்டி, அது முன்னாலிருந்தே இருக்கு. உங்க லேப்ல அந்த ஒருங்கிணைப்பாளர் யாருன்னு எழுத்துல கேளு.

என் கதை சின்னது. மூணு மாசத்துக்கு ஒரு கமிட்டிக் கூட்டம். 'அவசர ஷவர் பழுது, நடவடிக்கையில்'னு நாலு கூட்டத்துக்கும் நானே குறிப்பு எழுதினேன். ஒரு வருஷம். ஒரு தடவைகூட எழுந்து போய் அந்த ஷவரை நான் பார்க்கல.

பால்மரத்துப்பிள்ளை:
அண்ணே, நான் அப்ப கான்ட்ராக்ட்ல இருந்தேன். புதுப்பிக்க ரெண்டு மாசம்தான் பாக்கி. நீங்களே கையெழுத்துப் போடுங்கன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்லியிருப்பேன், சொல்லுங்க.

செம்பனைச்செல்வி:
தம்பியைத் திட்டாதீங்கண்ணே. நானும் அவன் இடத்துல இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பேன்.

இப்ப திங்கட்கிழமை காலையில முதல் வேலையா குழாயைத் திறக்கிறேன். தண்ணி தெளிய எத்தனை விநாடி ஆகுதுன்னு எழுதுறேன். இந்த வாரம் 40. புதுப் பாரத்துல என் பேருக்குக் கீழே கோடு போட்டு, 'பைப் மாற்ற: மேனேஜர்'னு கையால எழுதி அனுப்பினேன். பாரம் இன்னும் திரும்பி வரல.