புதுப்பிப்பு: மொரப்பூர்–தர்மபுரி ரயில் பாதை ஏன் இழுக்கிறது

"பழைய தடம் இருக்கிறதே, தண்டவாளம் போட்டால் போதும்" என்று முந்தைய பதிவில் எழுதியிருந்தோம். அது தவறு. 1906-இல் திறந்து 1941-இல் மூடிய அந்தப் பாதையின் அகலம் 762 மி.மீ.; இன்றைய அகலப்பாதைக்கு 1,676 மி.மீ. வேண்டும். வளைவு, ஏற்றம், பாலம் எல்லாமே புதிது. ஆகவே 36 கி.மீ. புதிய பாதைக்கு நிலம் எடுப்பதுதான் முதல் சிக்கல்.

செலவு ஏறுவதும் அங்கேதான். 2013 நிலச் சட்டப்படி இழப்பீட்டுக்குச் சமமாக 100% ஆறுதல் தொகை (கட்டாயமாக நிலம் எடுப்பதற்குக் கூடுதலாகத் தருவது). சந்தை மதிப்பின் மேல் ஆண்டுக்கு 12% தனி. தாமதமே தொகையைக் கூட்டுகிறது.

இன்னொரு முட்டுக்கட்டை கூட்டுப்பட்டா, அதாவது பலருக்கும் சேர்த்து ஒரே பட்டா. அப்படியோ, தாத்தா பெயரிலேயோ பட்டா கிடந்தால், உரிமைத் தகராறு தீரும்வரை பணம் கைக்கு வராது. வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று எடுத்து, உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிவிடுங்கள். கிணறு, மா, தென்னைக்குத் தனி மதிப்பு உண்டு. அளக்க வரும் நாளில் கட்டாயம் நிலத்தில் நின்று எண்ணிக்கையைப் பதியவையுங்கள்.