அதிக உதிரப்போக்கு: டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

கயல்விழி:
வயது 41. மாதம் தவறாமல் 8, 9 நாள் உதிரப்போக்கு. ஓபியில் "நிறையப் போகுதுங்க" என்றால், "இந்த வயசுல அப்படித்தான்" என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த முறை என்ன சொன்னால் சரியாக விசாரிப்பார்கள்?

மருதாணி:
"நிறைய" என்பதற்கு அளவு கிடையாதுங்க, அதான் தட்டிக்கழிக்க முடியுது. எண்ணிக்கையாச் சொல்லுங்க. ஒரு நோட்டுல நாப்கின் மாத்தும்போதெல்லாம் குறிச்சு வைங்க: லேசான கறைக்கு 1, ஓரளவு நனைஞ்சிருந்தா 5, முழுக்க ஊறியிருந்தா 20. சின்ன ரத்தக்கட்டிக்கு 1, பெரிய ரத்தக்கட்டிக்கு 5. தீட்டு நின்னதும் கூட்டிப் பாருங்க. 100ஐத் தாண்டினா அதிகம்னு அர்த்தம், ஏறக்குறைய 80 மில்லிக்கு மேல போயிருக்கும். 1990ல மருத்துவ இதழ்ல வெளியான முறை இது. ரெண்டு மாசக் கணக்கைக் கொண்டுபோனா நல்லது.

உட்கார்ந்ததும் "வயிறு சரியில்ல"ன்னு ஆரம்பிக்காதீங்க, பேச்சு வயித்து வலிக்குப் போயிடும். "கடைசியாத் தீட்டு வந்தது இந்தத் தேதி, 9 நாள் இருந்தது, முதல் 3 நாள் ரெண்டு மணிக்கொரு நாப்கின், ராத்திரியும் எழுந்து மாத்துறேன்" – இதுதான் முதல் வாக்கியம்.

செம்பருத்தி:
பலரும் சொல்ல மறப்பது கருத்தடைக்காகக் கருப்பையில் வைக்கும் காப்பர் டி. மாத்திரை இல்லையே என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அதுவும் போக்கைக் கூட்டும். ஆஸ்பிரின், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளையும் சொல்ல வேண்டும். வயதுக்கு வந்த நாளிலிருந்தே அதிகம், பல் பிடுங்கினாலும் ரத்தம் நிற்கத் தாமதம் என்றால் அதையும் சொல்லுங்கள். ரத்தம் உறைவதிலேயே குறை இருக்கலாம்.

ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அது சரியாக இருந்தாலும் உடம்பின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம், ஆகவே அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள். கருப்பையில் நார்க்கட்டி இருக்கிறதா என்பது ஸ்கேனில் தெரியும். சத்து மாத்திரை இழப்பை ஈடுகட்டுமே தவிர காரணத்தைத் தீர்க்காது. மாத்திரையோடு டீ, காபி குடித்தால் இரும்பு சரியாக உடம்பில் சேராது.

"இதற்குக் காரணம் என்ன? கண்டுபிடிக்க என்ன பரிசோதனை?" என்று நேராகக் கேளுங்கள். பரிசோதனை தேவையில்லை என்றால், ஏன் என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

கயல்விழி:
துணி வைப்பவர்களுக்கு இந்த மதிப்பெண் சரிவருமா?

மருதாணி:
வராதுங்க, அது நாப்கினுக்கான கணக்கு. எத்தனை மணிக்கொருதரம் துணி மாத்துறாங்க, படுக்கை நனையுதா, கட்டி எவ்வளவு பெருசுன்னு சொல்லட்டும். 2.5 செ.மீ.க்கு மேலன்னா பெரிய கட்டி. மணிக்கொரு நாப்கின் முழுக்க ஊறி, ரெண்டு மணி நேரமா அப்படியே இருந்து, தலையும் சுத்தினா நோட்டெல்லாம் பார்க்காதீங்க, அவசரப் பிரிவுக்கு உடனே போயிடுங்க.