அம்மாவோட எல்டர்ஷீல்டை மாத்தணுமா? அவசரம்

ஈசூன்_மகன்:
வணக்கம். அம்மாகிட்ட எல்டர்ஷீல்டு இருக்கு, அதான் சிங்கப்பூர்ல உடம்பு ரொம்ப முடியாமப் போனா மாசாமாசம் காசு தர்ற காப்புறுதி. ஏஜண்ட் ஒருத்தர் அதுக்கப்புறம் வந்த அரசாங்கத் திட்டமான கேர்ஷீல்டு லைஃபுக்கு மாறி, அதுக்கு மேலே தனியார் சப்ளிமென்டும் (கூடுதல் காப்புறுதி) எடுங்கங்கறார். ஞாயித்துக்கிழமை கையெழுத்து வாங்க வர்றார். எடுக்கலாமா? சீக்கிரம் சொல்லுங்க.

கோப்பி_ஓ:
அம்மா எந்த வருஷம் பொறந்தாங்க? மாசத் தொகை 300ஆ 400ஆ?

கணக்குப்பிள்ளை:
மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வி. பழைய இழையெல்லாம் யாருக்காக எழுதிவச்சோம்? 2002ல வந்த எல்டர்ஷீல்டு மாசம் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அஞ்சு வருஷத்தோட சரி. 2007லேர்ந்து 400, ஆறு வருஷம். கேர்ஷீல்டு 2020ல 600ல ஆரம்பிச்சது, வருஷாவருஷம் ஏறுது, கடும் உடற்குறை இருக்கிறவரை வந்துக்கிட்டே இருக்கும். 1980லயும் அதுக்கப்புறமும் பொறந்தவங்களுக்குக் கட்டாயம், மூத்தவங்களுக்கு விருப்பம். இதுல என்ன அவசரம்?

பொங்கோல்_அக்கா:
தம்பி, அம்மா எப்படி இருக்காங்கன்னே சொல்லலையே? குளிக்க, உடுத்த, சாப்பிட, கழிவறை போக, நடமாட, கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு மாற, இந்த ஆறுல மூணு தானா முடியலேன்னாதான் காசு. அந்த நிலைமைக்கு வந்துட்டா கேர்ஷீல்டுல புதுசா சேரவும் முடியாது. எங்க மாமியாருக்கு ரெண்டுதான்னு சொல்லிட்டாங்க. மூணாவது வர்ற வரைக்கும் என் இடுப்புதான் காப்புறுதி.

சும்மா_சொல்றேன்:
சப்ளிமென்ட் முழுக்க கமிஷன் ஆட்டம். அந்தக் காசு மெடிசேவ்ல (மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பு) இருந்தா 4 விழுக்காடு வட்டியாவது வரும்.

கோப்பி_ஓ:
தனியார் சப்ளிமென்ட்ல ரெண்டு முடியலேன்னாலே, சிலதுல ஒண்ணு முடியலேன்னாலே குடுக்கறாங்க. அக்கா மாமியாருக்கு உதவியிருக்கும். சந்தாவுக்கு மெடிசேவ்லேர்ந்து வருஷம் 600 வரை எடுக்கலாம், கைக்காசு இல்லை.

சும்மா_சொல்றேன்:
மெடிசேவ் மட்டும் மரத்துல காய்க்குதா?

கணக்குப்பிள்ளை:
வட்டியை வச்சு தாதிமை இல்லத்துக்கு (நர்சிங் ஹோம்) எத்தனை மாசம் கட்டுவீங்க? கணக்குப் போட்டுட்டுப் பேசுங்க.

சும்மா_சொல்றேன்:
அம்மாவை தாதிமை இல்லத்துல விடறதைப் பத்தி இங்க யார் பேசினா?

பொங்கோல்_அக்கா:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. கேட்ட பையனைக் காணோம்.

ஈசூன்_மகன்:
மன்னிக்கணும், இரவு ஷிப்ட். 1958. 300தான். போன வருஷம் லேசா பக்கவாதம் வந்துச்சு. கோல் ஊன்றி நடக்கிறாங்க, குளிக்க மட்டும் உதவி வேணும். ஏஜண்ட் கேக்கல, நானும் சொல்லல.

கோப்பி_ஓ:
அடப்பாவி, இதையல்லவா முதல்ல சொல்லணும்! சப்ளிமென்டுக்கு உடல்நிலை விவரம் கேட்பாங்க. மறைச்சா நாளைக்கு காசு கேக்கறப்ப இடிக்கும், சொன்னா பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க. கேர்ஷீல்டு வேற, கடும் உடற்குறை இல்லாததால இப்பவும் சேரலாம். ஒண்ணு பாருங்க, எல்டர்ஷீல்டு சந்தா 65 வயசோட முடிஞ்சாச்சு, காப்பு ஆயுசுக்கும் இருக்கு. மாறினா மறுபடி சந்தா கட்டணும். அம்மாவோட சிங்பாஸ்ல (அரசாங்க இணையக் கணக்கு) போய் தொகை எவ்வளவுன்னு பாருங்க, ஏஜண்ட் தேவையில்ல.

ஈசூன்_மகன்:
பார்த்துட்டேன். ஏஜண்டை வர வேணாம்னு சொல்லியாச்சு. நன்றி.

பொங்கோல்_அக்கா:
எவ்வளவு காட்டுச்சு தம்பி? மாறினீங்களா இல்லையா?

கோப்பி_ஓ:
போயிட்டார்க்கா.