கீமோ ஏறுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது

தாழம்பூ, திருச்சி

31 வயதில் வலது மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தது. கல்யாணமாகி ஒன்றரை வருடம், குழந்தை இல்லை. இப்போது எனக்கு 34. எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நேற்று என் தங்கையின் தோழிக்கு, 29 வயதுப் பெண்ணுக்கு, இதே நோய் என்று போன் வந்தது. அதற்கு மேல் தள்ளிப்போட மனம் வரவில்லை.

பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் அறையில் அப்பா, கணவர், மாமியார், நான். டாக்டர் அப்பாவையும் கணவரையும் பார்த்தே பேசினார். ஈஆர் பாசிட்டிவ், அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளரும் வகை. எட்டு கீமோ, ஆபரேஷன், அப்புறம் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டும், அதற்குப் பிறகு ஐந்து வருடமாவது மாத்திரை. அன்று வியாழக்கிழமை. திங்கட்கிழமை முதல் கீமோ என்று சீட்டு எழுதிவிட்டார். குழந்தை பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கும் கூச்சம். உயிர் பிழைத்தால் போதும் என்று எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போது இதைக் கேட்டால் பேராசைக்காரி என்று நினைப்பார்களோ என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கீழே ரத்தம் எடுக்கிற இடத்தில் இருந்த நர்ஸ்தான் கேட்டார். "எத்தனை பிள்ளைங்கம்மா?" இல்லை என்றேன். ஊசியை ட்ரேயில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "கருமுட்டை எடுத்து வைக்கிறதைப் பத்திப் பேசினீங்களா? மருந்து ஏறிட்டா அப்புறம் கஷ்டம். இப்பவே மேல போய்க் கேளுங்க."

தனியாகப் படியேறிப் போய்க் கேட்டேன். டாக்டர் கோபப்படவில்லை. இரண்டு வாரம் தள்ளி ஆரம்பிக்கலாம், என் கட்டியின் நிலைக்கு அதனால் பாதகம் இல்லை என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது, யாரும் கேட்கவில்லை என்பதால் சொல்லவில்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அதுதான்.

மாதவிலக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, எந்த நாளிலும் தொடங்கலாம் என்றார்கள். பன்னிரண்டு நாள் வயிற்றில் ஊசி. ஈஸ்ட்ரோஜன் எகிறிவிடக்கூடாது என்று கூடவே லெட்ரோசோல் மாத்திரை. எடுத்த முட்டைகளைக் கணவரின் விந்தணுவோடு சேர்த்து, ஏழு கருக்களை உறைய வைத்தோம். கீமோவும் ஆபரேஷனும் காப்பீட்டு அட்டையில் போனது. இதற்கு அட்டை செல்லாது என்றார்கள், என் வளையல்கள்தான் அடகுக்குப் போயின.

இப்போது அந்த ஹார்மோன் மாத்திரை, டாமாக்சிபென், 22 மாதம் முடிந்திருக்கிறது. அதைச் சாப்பிடும்போது கருத்தரிக்கக் கூடாது. "பாசிட்டிவ்" என்றே பெயர் வைத்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றி டாக்டரே இந்த முறை எடுத்துச் சொன்னார். 20 நாடுகளில், 42 வயதுக்கு உட்பட்ட 516 பெண்கள். 18 முதல் 30 மாதம் ஹார்மோன் மருந்து எடுத்தபின், குழந்தைக்காக இரண்டு வருடம் வரை அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மூன்று வருடத்தில் நோய் திரும்பியது 8.9 சதவீதம் பேருக்கு. நிறுத்தாத பெண்களின் பழைய கணக்கோடு ஒப்பிட்டால் அங்கே 9.2. 2023இல் வெளியான முடிவு இது. எண்களைக் கேட்கும்போது தைரியம் வருகிறது, இரவில் மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்தால் போய்விடுகிறது. நிறுத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நிலா அம்மா, கோவை

நான் நிறுத்தினேன் தங்கச்சி. 25ஆவது மாதத்தில். நிறுத்திய உடனே முயற்சி செய்யக்கூடாது, மருந்து உடம்பை விட்டுப் போக மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்றார்கள். அந்த மூன்று மாதம்தான் எனக்குப் பெரிய சோதனை. மாத்திரையும் இல்லை, குழந்தையும் இல்லை, முதுகு வலித்தால்கூட எலும்பில் வந்துவிட்டதோ என்று எழுந்து உட்கார்ந்துகொள்வேன். ஸ்கேன் எல்லாம் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே தொடங்கினோம்.

மகளுக்கு இப்போது ஏழு மாதம். ஒரு பக்கம்தான் பால் கொடுத்தேன். கரண்ட் வைத்த பக்கத்தில் சுரக்கவில்லை. "நோய்க்காரி பாலைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா" என்று உறவில் ஒருவர் என் காதுபடவே சொன்னார். என் டாக்டர் அவரையே வரச்சொல்லி, தாய்ப்பால் வழியாகப் புற்றுநோய் பிள்ளைக்கு வராது என்று பொறுமையாக விளக்கினார். மாத்திரையை மறுபடி தொடங்கினால் பாலை நிறுத்தியாக வேண்டும். போன வாரம் நிறுத்தினேன். அவள் இரண்டு ராத்திரி அழுதாள், நான் நாலு ராத்திரி.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த ஆராய்ச்சியில் பெண்களைப் பார்த்துவந்த காலம் நடுவாக 41 மாதம்தான். நம் வகை நோய் பத்து வருடம் கழித்தும் எட்டிப் பார்க்கக்கூடியது. அதனால் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் மாத்திரையை மறந்துவிடாதே.

வைகைக்கரை, மதுரை

என்னுடையது டிரிப்பிள் நெகட்டிவ், ஹார்மோன் மாத்திரை பலிக்காத வகை. கைக்குழந்தையோடு இருந்த நேரம், வயது 28. இடது பக்கம் எலுமிச்சை அளவில் கட்டி. பால் கட்டு என்றார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம், பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டினோம். பக்கத்துக் கிளினிக்கில் மூன்று தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், ஒரு தடவைகூட ஸ்கேன் எழுதவில்லை. ஏழு வாரம் இப்படியே போனது. தடுப்பூசி போட வந்த கிராம செவிலியர் தொட்டுப் பார்த்துவிட்டு, "பால் கட்டு இத்தனை நாள் நிக்காது, நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். மார்பு அடர்த்தியாக இருக்கும் வயதில் மேமோகிராமில் கட்டி மறைந்துகொள்ளும் என்று அங்கே அல்ட்ராசவுண்டும் சேர்த்துப் பார்த்தார்கள்.

இன்னொரு குழந்தை வேண்டுமா என்று என்னிடமும் யாரும் கேட்கவில்லை, ஒன்று இருக்கிறதே என்று நினைத்திருப்பார்கள். படிக்க வந்திருந்த இளம் பெண் டாக்டர் ஒருவர் கேட்டார். கருமுட்டை எடுக்க நேரமும் இல்லை, பணமும் இல்லை என்றேன். கோசெரெலின் ஊசியைச் சொன்னார். கீமோவுக்கு ஒரு வாரம் முன்பு தொடங்கி நாலு வாரத்துக்கு ஒரு தடவை. கருப்பையைத் தூங்க வைக்கிற ஊசி என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார், உண்மையில் தூங்குவது கருமுட்டை இருக்கும் சினைப்பை. 2015இல் வெளியான ஆராய்ச்சியில், ஹார்மோன் நெகட்டிவ் பெண்களில் ஊசி போட்டவர்களில் 8 சதவீதம் பேருக்கும் போடாதவர்களில் 22 சதவீதம் பேருக்கும் இரண்டு வருடத்தில் சினைப்பை செயலிழந்திருந்தது. ஊசி தடிமன்தான், வயிற்றில் நீலம் பாரித்துவிடும். கீமோ முடிந்து பத்தாவது மாதம் எனக்கு மாதவிலக்கு வந்தது. வயதுக்கு வந்தபோதுகூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

ஜன்னலோரம், சென்னை

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. 27 வயது. கருமுட்டை என்று நான் ஆரம்பித்ததும் அம்மா, "முதல்ல உடம்பு, கல்யாணம் ஆகும்போது பாத்துக்கலாம்" என்று அடக்கினார். டாக்டர் அம்மாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் மட்டும் பத்து நிமிடம் பேசினார். என் வாழ்க்கையில் கிடைத்த நல்ல பத்து நிமிடம் அது. பதினோரு முட்டைகள் இருக்கின்றன. ஜாதகக்காரர்களிடம் எதைச் சொல்வது என்பது வேறு கதை, அதற்கு இன்னும் தெம்பு வரவில்லை.

மாட்டுங்கா தமிழ்ப் பெண், மும்பை

உங்கள் கேள்விக்கு நேர் பதில் இல்லை, ஆனாலும் ஆராய்ச்சி என்றதும் எழுதத் தோன்றியது. 2016இல், என் 34 வயதில், ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு ஆராய்ச்சி நர்ஸ் படிவத்தோடு வந்தார். என்னைச் சோதனை எலி ஆக்கப்போகிறார்கள் என்று பயந்தேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக விளக்கினார். கட்டியை எடுப்பதற்குச் சில நிமிடம் முன்பு அதைச் சுற்றி மரத்துப்போகும் மருந்து போடுவார்கள், பல் பிடுங்கும்போது போடுகிறார்களே, அதே லிடோகெய்ன். சீட்டுக் குலுக்கல் மாதிரி சிலருக்குப் போடுவார்கள், சிலருக்கு இல்லை. வேண்டாம் என்றாலும் சிகிச்சையில் குறை வைக்க மாட்டோம் என்று இரண்டு தடவை சொன்னார். கையெழுத்துப் போட்டேன்.

டாடா மெமோரியல் நடத்திய அந்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. 11 மருத்துவமனைகள், 1600 பெண்கள். ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 90.1 சதவீதம், போடாதவர்களில் 86.4. அவ்வளவு மலிவான மருந்து! எனக்கு எந்தச் சீட்டு விழுந்தது என்பதைவிட, அந்த 1600இல் நானும் ஒருத்தி என்பதே எனக்குப் பெரிதாக இருக்கிறது.

தாழம்பூ, திருச்சி

எல்லோர் பதிலையும் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். புதன்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், 24 மாதம் முடிந்ததும் நிறுத்துவது என்று இருவரும் பேசியிருக்கிறோம். கோவை அக்கா, அந்த மூன்று மாதத்தில் உங்களுக்கு நடுராத்திரியில் போன் செய்தால் எடுப்பீர்களா?

தங்கையின் தோழிக்கு வெள்ளிக்கிழமை முதல் கீமோ என்று சீட்டு கொடுத்திருக்கிறார்கள். நாளைக் காலை நானே கூட்டிக்கொண்டு போகிறேன். கருமுட்டை, கோசெரெலின் இரண்டையும் தாளில் எழுதி அவள் ஃபைலில் முதல் பக்கமாக வைத்துவிட்டேன்.